மணிக்கட்டில் ஒரு நரி

செவ்வாய் இரவுகளில் கிளாஸ்கோவில்
ஐந்து பவுண்டுக்கு மூன்று குழுக்கள் வாசிக்கும்.
ஐந்து பவுண்டு என்பது அப்போது எனக்கு
இரண்டு நாள் ரொட்டி, ஒரு டப்பா பீன்ஸ்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பசி நாளைக்கும் வரும்.
இவர்கள் நாளைக்கு அபெர்டீனில் இருப்பார்கள்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மோர்வென்
என் கையைத் திருப்பி
நாடி துடிக்கும் இடத்தில் ஒரு நரியை முத்திரை குத்தினாள்.
"காயும் வரை ஊது."
ஊதிக்கொண்டே இறங்கினேன்
பதினான்கு படி.

கீழே ஈரக் கம்பளி, சிந்திய பியர்,
சூடேறிய ஒலிபெருக்கியில் பொசுங்கும் தூசி.
முதல் குழுவுக்குக் கூட்டம் ஒன்பது பேர்.
அதில் நான்கு பேர் இரண்டாவது குழு.
ஒருத்தி பாடகனின் அம்மா,
கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டோடு
ஒரு காலி கிதார்ப் பெட்டி மேல் அமர்ந்திருந்தாள்.
நானும் ஸ்ட்ரூவனும்.
மிச்சம் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
மழைக்கு ஒதுங்கியவர்கள்தான்
முதலில் ஆடினார்கள்.

இரண்டாவது குழு ஏறியதும்
ஸ்ட்ரூவனை விலாவில் இடித்தேன்.
டிரம்ஸுக்குப் பின்னால் டூகல்!
புள்ளியியல் வகுப்பின் கடைசி வரிசையில்
வாய் பிளந்து தூங்கும் டூகல்.
வருகைப் பதிவேட்டில் மட்டுமே
விழித்திருக்கிற பெயர்.
இங்கே அவனுக்கு நான்கு கைகள்.
நிகழ்தகவு பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன் என்று நினைத்திருந்தோம்.
அவனுடைய அடுத்த அடி எங்கே விழும் என்று
எங்களால் ஒருமுறைகூடச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது பாட்டில் பேஸ் கிதாரின் தந்தி அறுந்தது.
பெரிய சத்தம் இல்லை,
யாரோ சப்புக்கொட்டியது போல.
பேஸ்காரி தரையில் மண்டியிட்டு
பல்லிடுக்கில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
வேறு தந்தி கோத்தாள்.
அவ்வளவு நேரமும் டூகல்
குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு
ஸ்னேரின் தோலை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தான்,
எழுப்ப மனமில்லாமல் கதவு தட்டுகிறவன் போல.
மேலே தெருவில் பேருந்து போனால்
அதற்கும் கொஞ்சம் இடம் விட்டான்.
பார்க்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.
பாடகனின் அம்மா
கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

நள்ளிரவுக்கு முன்பே
சுரங்க ரயில் தூங்கிவிடும் ஊர் இது.
கடைசி வண்டிக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
மூன்றாவது குழு கேட்டது: "இன்னும் ஒன்று?"
ஸ்ட்ரூவன் மணி பார்த்தான்.
நான் ஸ்ட்ரூவனைப் பார்த்தேன்.
பிறகு இருவரும், ஒன்றும் பார்க்காதவர்கள் போல,
மேடையைப் பார்த்தோம்.

ஆகவே நடை.
கிரேட் வெஸ்டர்ன் சாலை முழுக்கச் சாய்மழை.
சில்லறையைக் கொட்டி எண்ணி வாங்கிய ஒரே பொட்டலம் சிப்ஸ்,
வினிகர் ஊறிய அடிப்பகுதிக்குச் சண்டை.
என் காதுக்குள் யாரோ கெட்டில் வைத்திருந்தார்கள்,
அது கொதித்துக்கொண்டே வந்தது.
ஸ்ட்ரூவன் ஏதோ கேட்டான்.
"ஆமாம்" என்றேன்.
"நாளைக்கு எத்தனை மணிக்குப் பரீட்சைன்னு கேட்டேன்!"

ஒன்பது மணிக்கு.
சோப்புக்கு நரி மசியவில்லை,
வால் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.
மேற்பார்வையாளர் என் மேசையருகே நின்றார்.
சட்டைக் கையை நான் இழுத்துவிட்ட வேகம்
அவருக்குப் பிடிக்கவில்லை.
"மடக்கு."
மடக்கினேன்.
நரியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"இது பாடத்திட்டத்திலேயே இல்லை"
என்று நகர்ந்துவிட்டார்.

இரண்டு வரிசைக்கு முன்னால் டூகல்.
விழித்திருந்தான்.
பேனாவின் பின்முனையால் மேசை விளிம்பில்
டப், டட்டப்,
பக்கத்தில் இருந்தவள் முறைத்தாள்.
மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டு
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து போனது.

பேனா கொஞ்சம் நின்றது.